ஒரே ஒரு மூலக்கூறு கண் சிமிட்டினால்

பாலிமர் எல்.ஈ.டி. பற்றி எதையோ தேடப் போய், 1997இல் சயன்ஸ் இதழில் வந்த, அமெரிக்க வேதியியலாளர் பால் பார்பரா குழுவின் ஆய்வில் மாட்டிக்கொண்டேன். பிபிவி என்ற ஒளிரும் பிளாஸ்டிக் வகைப் பாலிமரின் ஒற்றை மூலக்கூறுகளை லேசரில் ஒளிரவைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நீளமான சங்கிலி; அதில் ஒளியை உறிஞ்சும் பகுதிகள் ஏராளம். ஒவ்வொன்றாகக் கெட்டால் வெளிச்சம் மெல்ல மெல்லத்தானே குறைய வேண்டும்? இல்லை. சட்டென்று படி இறங்குகிறது, சில சமயம் அணைந்தே போகிறது, அப்புறம் திரும்ப எரிகிறது. பழைய சீரியல் பல்பு மாலை மாதிரி, ஓரிடத்தில் கோளாறு என்றால் மொத்தமும் போச்சு.

சங்கிலி நீட்டிப் படுத்திருப்பதில்லை, தனக்குள்ளேயே மடிந்து கிடக்கிறது. அதனால் எங்கே உறிஞ்சிய ஆற்றலும் பக்கத்துப் பகுதிகளுக்குத் தாவித் தாவி, ஆற்றல் குறைந்த சில இடங்களில் போய்ச் சேர்கிறது. அங்கே ஒரு குறை உண்டானால் ஒளியாக வேண்டியது வெப்பமாகிவிடுகிறது. குறை தற்காலிகம் என்றால் வெளிச்சம் மீள்கிறது. ஆக்சிஜன் அரித்துவிட்டால் மீள்வதில்லை.

மடிப்பு எப்படி இருக்கும் என்பதை 2000இல் அதே குழுவினர் நேச்சர் இதழில் சொன்னார்கள். லேசரின் முனைவாக்கத் திசையை, அதாவது ஒளி அலை அதிரும் திசையைச் சுழற்றி, ஒளிர்வு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். பிபிவி வகையில் ஒன்றான எம்இஎச்-பிபிவி, நூல்கண்டு போலக் குழம்பாமல் ஒழுங்கான உருளையாக மடிகிறதாம். அந்தக் கட்டுரையில் பெங்களூரு ஐஐஎஸ்சியின் பிமன் பக்சியும் உண்டு!

கோடிக்கணக்கான மூலக்கூறுகளைச் சேர்த்து அளந்திருந்தால் இந்தச் சிமிட்டல் எல்லாம் சராசரியில் கரைந்து போயிருக்கும்.