நாலாம் பெட், அஞ்சாம் பெட்

நவம்பர் 6, 2024, புதன்

நாகர்கோவிலில் காலையிலிருந்தே மழை. சாயங்காலம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டு வந்து நாலாம் பெட்டில் கிடத்தினார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர், வயது 64, சர்க்கரை உண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் மூத்திரம் அடைத்து வேறொரு இடத்தில் ட்யூப் போட்டிருக்கிறார்கள். அதே ட்யூப் இன்னும் இருந்தது. நாலு நாளாகக் குளிர்காய்ச்சல். வந்தபோது பிபி 84/50, கேட்டதற்குப் பதில் தெளிவாக வரவில்லை.

அவருடைய மனைவி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துத் தந்தார். செஃபிக்ஸிம் என்கிற ஆன்டிபயாட்டிக். பத்தில் நாலு பாக்கி. "மெடிக்கல்ல கேட்டு வாங்குனது மக்ளே. மூணு நாள் தின்னதும் காச்சல் கொறஞ்சுது, அதான் நிறுத்தியாச்சு." அட்டையில் சிவப்புக் கோடு தெளிவாக இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கோடு. செஃபிக்ஸிம் ஹெச்1 பட்டியலில் இருக்கிற மருந்து. 2014 மார்ச்சிலிருந்து கடைக்காரர் இதைத் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த அம்மாவிடம் இதையெல்லாம் பேசும் நேரமா அது? அட்டையை வாங்கி ஃபைலில் வைத்தேன்.

டாக்டர் மெரோபெனம் என்கிற வலுவான ஆன்டிபயாட்டிக்கைப் போடச் சொன்னார். இப்படி பிபி இறங்கி வருகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ரத்தம் எடுத்தாக வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பாட்டிலின் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விட்டு, இரண்டு கையிலிருந்தும் தனித்தனியாக எடுத்தேன். பாட்டிலுக்குப் பத்து மில்லி. குறைவாக எடுத்தால் கிருமி இருந்தும் சிக்காமல் போகலாம். பழைய ட்யூபை எடுத்துப் புதியது போட்டு, அதிலிருந்து மூத்திர சாம்பிள். அப்புறம்தான் மருந்து. மொத்தம் 25 நிமிஷம் ஆனது. ஒரு டோஸ் உள்ளே போன பிறகு எடுத்தால் பாட்டிலில் ஒன்றும் வளராமல் போகலாம். அப்புறம் எல்லாம் ஊகம்தான்.

நவம்பர் 7, வியாழன்

பதினாலு மணி நேரத்தில் பாட்டில் பாசிட்டிவ், கிருமி வளர்ந்துவிட்டது. லேபிலிருந்து ஃபோன்: கிராம் நெகட்டிவ், குச்சி வடிவம். பிபி கொஞ்சம் ஏறியிருக்கிறது, காய்ச்சல் விடவில்லை.

நவம்பர் 9, சனி

ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா என்கிற பாக்டீரியா. ரத்தத்திலும் மூத்திரத்திலும் ஒன்றேதான். மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக ஆர், ஆர், ஆர். 'ஆர்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது, 'எஸ்' என்றால் அடங்கும், 'ஐ' என்றால் இரண்டுக்கும் நடுவில். மெரோபெனத்துக்கும் ஆர். அமிக்கசினுக்கும் ஆர். கடைசி வரியில் கொலிஸ்டினுக்கு மட்டும் 'ஐ'. அமெரிக்க சி.எல்.எஸ்.ஐ. விதிமுறையில் கொலிஸ்டினுக்கு 'எஸ்' போடுவதையே 2020இல் எடுத்துவிட்டார்கள் என்று மைக்ரோபயாலஜி மேடம் சொன்னார். இருப்பதிலேயே நல்ல எழுத்து அந்த 'ஐ'தான்.

புதிய மருந்துகளைப் பற்றியும் டாக்டர்கள் பேசினார்கள். மகனிடம் ஒரு நாள் செலவைச் சொன்னதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் கொலிஸ்டின், கூடவே மெரோபெனத்தை மூன்று மணி நேரம் மெதுவாக ஓட விடுவது என்று முடிவானது.

கொலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் ஒதுக்கி வைத்தது. வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்திருக்கிறார்கள். கோழிக்கும் மீனுக்கும்கூட இதைக் கொடுத்து வந்ததை 2019இல்தான் இந்தியாவில் தடை செய்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் டோஸ் 90 லட்சம் யூனிட். குப்பியில் தண்ணீர் விட்டதும் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். உள்ளங்கைக்குள் வைத்து மெல்லச் சுழற்றி, தூள் கரைந்து தெளிகிற வரை காத்திருக்க வேண்டும். அவருடைய மகன் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரியவரைத் தனி அறைக்கு மாற்றினோம். வாசலில் போர்டு, கவுன், கிளவ்ஸ், தனி ஸ்டெத்.

நவம்பர் 12, செவ்வாய்

காய்ச்சல் இறங்கிவிட்டது! காலையில் கட்டஞ்சாயா கேட்டாராம்.

ஆனால் இன்று இன்னொன்று. பக்கத்து பெட்காரர்களுக்கும் பரிசோதனை செய்ததில் அஞ்சாம் பெட் பையனின் மூத்திரத்திலும் அதே கிளெப்சியெல்லா, அதே ஆர் வரிசை. குளச்சல் பையன், 22 வயது, பைக் விபத்தில் தொடை எலும்பு ஆபரேஷன். அவனுக்குக் காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, வலியெல்லாம் காலில்தான். டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை. ட்யூபை எடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கிருமி உண்டுன்னும் சொல்லுதிய, மருந்து போடல்லன்னும் சொல்லுதிய. எங்களுக்குப் பைசா இல்லன்னு நெனச்சியளா? படகை வித்தாவது கெட்டுவோம் மக்ளே."

அவரை உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன். "அம்மா, கிருமி அங்கே இருக்குது, ஆனா உங்க பிள்ளைய இன்னும் ஒண்ணும் செய்யல்ல. இப்பம் மருந்து போட்டா கிட்னிக்குத்தான் கேடு. நாளைக்கு நெஜமாவே காச்சல் வரும்போ போட மருந்து மிஞ்சாது. ட்யூப எடுத்தா, தானா மூத்திரம் போகும்போ பெரும்பாலும் கழுவிட்டுப் போயிரும்." அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. காய்ச்சலை நாலு மணிக்கொருதரம் பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன், ராத்திரி இரண்டு மணிக்கும் கூட.

நவம்பர் 14, வியாழன்

அது எப்படிப் போனது என்று தெரிந்துவிட்டது.

இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டர் காலை அஞ்சரைக்கே வந்து, ஒன்றும் பேசாமல் ஓரமாக நின்றார். ஆறு மணிக்கு எல்லா யூரின் பேகையும் காலி செய்து அளவு எழுதுவோம். ஒரே பிளாஸ்டிக் குவளை. மூன்றாம் பெட்டில் பிடித்து, டாய்லெட்டில் ஊற்றி, தண்ணீரில் அலசி, அடுத்தது. பேகின் குழாய் முனை குவளையின் விளிம்பில் படுகிறது. அதே விளிம்பு அடுத்தவர் குழாயிலும் படுகிறது. கிளவ்ஸை மாற்றுகிறோம். குவளையை மாற்றவில்லை.

6ஆம் தேதி ராத்திரியும் 7ஆம் தேதி ராத்திரியும் டியூட்டி என்னுடையது. நாலிலிருந்து அஞ்சுக்கு அந்தக் குவளையைக் கொண்டுபோனது இந்தக் கைதான். எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது.

தனி அறை, போர்டு, கவுன் எல்லாம் ரிப்போர்ட் வந்த பிறகுதான் போட்டோம். கிருமியோ பெரியவர் வந்த அன்றைக்கே வார்டுக்குள் வந்துவிட்டது. யாரிடம் இருக்கிறது என்று தெரியாத அந்த மூன்று நாளில்தான் அது நகர்கிறது. அப்படியானால் ரிப்போர்ட் வந்தவருக்கு மட்டும் கவனமாக இருந்து என்ன பயன்?

சாயங்காலமே ஸ்டோரில் சண்டை போட்டுப் பன்னிரண்டு குவளை வாங்கினேன். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் பெட் நம்பர். குழாய் முனை விளிம்பில் படக்கூடாது, மூடும் முன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், ஒரு பெட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கை சுத்தம். புதுப் பிள்ளைகள் மூன்று பேரையும் நிறுத்திச் செய்து காட்டினேன். ஹேண்ட் ரப் விட்டால் 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். கட்டைவிரலையும் நகத்து நுனியையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நவம்பர் 18, திங்கள்

கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் 1.1இல் தொடங்கி இன்று 1.9. கொலிஸ்டின் வேலையைக் காட்டுகிறது. டோஸைக் குறைத்தார்கள். மூத்திர அளவை மணிக்கொருதரம் குறிக்கிறோம். பெரியவர் கேட்கிறார், "எனக்கு இனி பால் வெட்டப் போவ ஒக்குமா மக்ளே?" மழை விடட்டும் என்றேன்.

அஞ்சாம் பெட் பையனுக்கு இதுவரை காய்ச்சல் இல்லை. ஆர்த்தோ வார்டுக்கு மாற்றியாச்சு. ஃபைலில் குறிப்பு எழுதி, அங்குள்ள சிஸ்டரிடம் வாயாலும் சொன்னேன்.

நவம்பர் 22, வெள்ளி

மருந்து நேற்றோடு நின்றது. ட்யூபை முந்தாநாள் எடுத்தோம், தானாகப் போகிறார். கிரியாட்டினின் 1.6, இறங்குகிறது. வீட்டுக்கு அனுப்புகிறோம்.

குடலில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் தங்கலாம், அது சும்மா இருக்கிற வரைக்கும் அவருக்குக் கேடு இல்லை, கக்கூஸ் போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று அவருடைய மனைவியிடம் சொன்னேன். ஃபைலில் இருந்த அந்த மிச்ச நாலு மாத்திரையை வேறு யாருக்காவது கொடுத்துவிடக் கூடாது என்று திருப்பித் தராமல் நானே வைத்துக்கொண்டேன். கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலைக் கையில் கொடுத்தேன்.

"இனி எந்த ஆசுபத்திரிக்குப் போனாலும் இந்தக் கடலாச காட்டணுமா?"

"ஆமாம்மா. போன உடனே, ட்யூப் போடுறதுக்கு முன்னாலயே காட்டணும்."

அவர் அதை நாலாக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கிற கவருக்குள் வைத்தார்.