முட்டைக்கு ஒரு காகிதக் கூடு

பிள்ளைகளுக்கு மாடியிலிருந்து முட்டை போடும் போட்டி வைக்கிறாங்க. காகிதமும் டேப்பும் மட்டும் வச்சு முட்டைக்கு ஒரு கூடு செய்யணும், முட்டை உடையாத கூடுகளில் எடை குறைஞ்சது ஜெயிக்கும். அருமையான போட்டி இது.

நிறையப் பேர் காகிதத்தைக் கசக்கி முட்டையைச் சுற்றித் திணிக்கிறாங்க. எடைதான் ஏறும். கவனிக்க வேண்டியது, முட்டை எவ்வளவு தூரத்துக்குள் நிற்குதுன்னுதான். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தா, தரை தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர். அந்த வேகம் 5 மில்லிமீட்டருக்குள் அடங்கினா, முட்டை தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு விசையைத் தாங்கணும். 5 சென்டிமீட்டர் நசுங்கி நின்னா நூறு மடங்கு போதும். பத்தில் ஒரு பங்கு!

அதனால எனக்குப் பிடிச்சது கூம்புதான். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒண்ணு 5 கிராம். அதைக் கூம்பாச் சுருட்டி, முட்டையைச் செங்குத்தா இறக்குங்க. முட்டைக்கும் கூம்பின் நுனிக்கும் நடுவே மூணு விரற்கடையாவது காலியா இருக்கணும். நுனி கீழே பார்த்தே விழும், அந்தக் காலியிடம் மடிப்பு மடிப்பா நசுங்கிக்கிட்டே வேகத்தை வாங்கிக்கும். நசுங்கின தாளைக் கையில் எடுத்துப் பாருங்க, ஒவ்வொரு சுருக்கமும் வேலை செய்திருக்கும்.

டேப்பை நுனிப் பக்கம் ஒட்டாதீங்க, அங்கே விறைப்பாயிடும். தாளின் ஓரங்கள் சேரும் இடத்தில் கொஞ்சம், முட்டை மேலே எகிறாம இருக்கக் குறுக்கே ஒரு பட்டை, போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து பிள்ளைகளையே மடிக்க விடுங்க.