டிஆர்எஸ்-80: ஆறால் வகுப்பதை நாலால் வகுத்தால்

டிஆர்எஸ்-80 மாடல் 1 என்ற பழைய வீட்டுக் கணினியின் வேகத்தைக் கூட்டப் போகிறவர்கள் தயவுசெய்து அதற்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலில் கைவைக்காதீர்கள். 1977-இல் டாண்டி கொண்டுவந்த அந்த மெஷினில் 10.6445 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றுதான் இருக்கிறது, திரையில் படம் ஆடாமல் நிற்பதும் அதை நம்பித்தான், இசட்80 பிராசசர் ஓடுவதும் அதை நம்பித்தான்.

பிராசசருக்குப் போகும் வழியில் ஒரு சிப் அதை ஆறால் வகுத்து 1.77 ஆக்குகிறது. பிடிக்க வேண்டிய இடம் அதுதான். நாலால் வகுத்தால் 2.66, அதாவது ஒன்றரை மடங்கு. 74எல்எஸ்74 சிப்பில் இரண்டு ஃபிளிப்ஃபிளாப் (துடிப்பை இரண்டால் வகுக்கக்கூடிய சிறு சுற்று) உண்டு, ஆளுக்கு இரண்டால் வகுத்தால் கணக்கு சரி.

பழைய துடிப்பு பிராசசருக்குப் போகாதபடி போர்டில் ஒரு ட்ராக்கை, அதாவது செம்புக் கோட்டை, வெட்டியாக வேண்டும். பிளேடு முனையால் பச்சைப் பூச்சை மெல்லச் சுரண்டி, செம்பு மின்னியதும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு போட்டு, நடுத்துணுக்கைச் சாலிடரிங் அயர்ன் சூட்டில் உரித்தெடுத்தேன். மல்டிமீட்டர் பீப் அடிக்கவில்லை, இணைப்பு அறுந்துவிட்டது என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சாதா இசட்80-க்கு 2.5 வரைதான் கணக்கு, அதனால் 4 மெகாஹெர்ட்ஸ் இசட்80ஏ-வைப் போட்டுவிட்டேன், கால்கள் அப்படியே பொருந்தும்.

பேசிக் மொழியில் ஒரு நிமிடம் எடுத்த லூப் 40 நொடியில் முடிந்தது! அப்புறம் புரோகிராம் பதிந்த கேசட்டைப் போட்டால், ஏறவே இல்லை. கேசட்டில் விநாடிக்கு 500 பிட் படிக்கும்போது இந்த மெஷினுக்கு நேரம் பார்க்கத் தனி டைமர் கிடையாது, ரோமில் (அழியாத நினைவகத்தில்) உள்ள ஒரு வெறும் லூப்பை இத்தனை தடவை சுற்றிவிட்டுத்தான் அடுத்த துடிப்பு வந்ததா என்று பார்க்கிறது, பிராசசர் வேகமெடுத்ததும் அந்தக் காத்திருப்பு மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கி, துடிப்பு வரும் முன்பே பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. கீபோர்டிலும் இதே கதைதான், ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுந்தது.

ஆகவே பழைய வேகத்துக்குத் திரும்பும் ஸ்விட்ச்தான் இந்த வேலைக்கே உயிர். அதையும் நேரடியாகப் போட்டால், மாற்றும்போது அரைகுறைத் துடிப்பு ஒன்று உள்ளே நுழைந்து மெஷின் அப்படியே நின்றுவிடும். இரண்டு கடிகாரமும் தாழ்ந்திருக்கும்போது மட்டும் மாறும்படி இன்னொரு ஃபிளிப்ஃபிளாப்பைச் சேர்த்தேன். இப்போது 1.77-இல் கேசட்டை ஏற்றிவிட்டு, புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சைத் தட்டுகிறேன், திரையில் எண்கள் விட்ட இடத்திலிருந்தே விறுவிறுவென்று ஓடுகின்றன.