களம் கொடுத்தவரும் குற்றவாளி

விலங்கு நல அமைப்பு ஒன்றின் பரப்புரைப் பிரிவில் சேர்ந்து பஞ்சாப் கிராமங்களுக்குச் செல்லத் தொடங்கியபோது, நாய்ச் சண்டையின் குரூரத்தை ஊராருக்குக் காட்டினாலே அது நின்றுவிடும் என்று நம்பினேன். காயம்பட்ட நாய் ஒன்றின் படத்தைப் பெரிதாகப் போட்டு, ‘கொடியவர்களே, நிறுத்துங்கள்’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்ட துண்டறிக்கையை நானே எழுதினேன். வாங்கிய இளைஞர்கள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ஜெயித்தது எந்த நாய் என்று கேட்டார்கள்.

‘கொடியவர்கள்’ என்ற சொல் எவ்வளவு பிசகானது என்பது, புல்லி குத்தா என்னும் சண்டை இன நாயை வளர்க்கும் ஒருவரின் வீட்டு முற்றத்தில் அமர்ந்தபோது புரிந்தது. எதிரி கவ்விப் பிடிக்க இடமிருக்கக் கூடாது என்பதற்காக அந்த நாயின் காதுகள் அடியோடு வெட்டப்பட்டிருந்தன. முன்னங்காலில் கிழிந்த தோலை அவரே தையல் நூலால் தைத்து மஞ்சள் அப்பியிருந்தார். அதே மனிதர் பாதாமை இரவே ஊறவைத்து, தோலுரித்து, பாலில் அரைத்து ஊட்டினார். நாயும் அவர் மடியில்தான் தலை வைத்தது. தன்னைக் கொடியவன் என்று அவர் ஒருபோதும் ஏற்கப் போவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், கேளிக்கைக்காக விலங்குகளை மோதவிடுவதைக் குற்றமாக்குகிறது. நம்மவர்கள் ஜல்லிக்கட்டுத் தீர்ப்பாக மட்டுமே நினைவில் வைத்திருக்கும் 2014 மே 7 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அந்த விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொல்கிறது. ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். பந்தயம் கட்டுகிறவருக்கு அது தேநீர்க் காசு.

ஒருமுறை சண்டைக் காணொளி ஒன்றைக் காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றோம். முன்ஷி என்று அங்கே அழைக்கப்படும் எழுத்தர் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, சண்டை நடந்த தேதியைக் கேட்டு, விரல்விட்டு எண்ணினார். மூன்று மாதமும் ஆறு நாளும் ஆகியிருந்தன. இச்சட்டத்தின்கீழ் மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் பிறகு தொடர முடியாது. சாட்சி சேர்க்கிறோம் என்று நாங்கள் தாமதித்ததே வழக்கைக் கொன்றது; அதில் முன்ஷியின் பிழை எதுவும் இல்லை.

எங்கள் வழக்கறிஞர்தான் பிறகு 31ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். நாயைத் தூண்டிவிட்டவர்மீது காவல் துறை தானாக நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் சண்டைக்குக் களம் அமைப்பவர், அதை நடத்துபவர், இடம் தருபவர், நுழைவுக் காசு வாங்குபவர் ஆகியோர்மீது நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் வழக்குப் பதியலாம். இத்தனை காலம் நாய்க்காரரின் மனத்தை மாற்றப் பார்த்த நாங்கள், நிலத்துக்காரரிடம் பேசியதே இல்லை.

அடுத்த துண்டறிக்கையில் ரத்தப் படமும் இல்லை, கொடியவர்களும் இல்லை. சண்டைக்கு நிலம் கொடுத்தவரும் குற்றவாளி என்பதை மட்டும் பெரிய குர்முகி எழுத்தில் போட்டோம். அதை வாங்கிய முதியவர் ஒருவர், வெயிலில் நின்றபடியே இருமுறை படித்துவிட்டு, தன் மோட்டார் கொட்டகைக் கதவில் ஒட்டுவதற்கு இன்னொன்று கேட்டார்.