ஜோ ஷுவான் பாட்டுகளைப் பாடிப் பழகுகிறேன்: இதுவரை வந்த தூரம்

ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாய் 2000-இல் எடுத்த 'இன் தி மூட் ஃபார் லவ்' பார்த்தவர்களுக்கு அந்த ரேடியோ காட்சி நினைவிருக்கும். ஜப்பானில் இருக்கும் கணவர் மனைவியின் பிறந்தநாளுக்கு நேயர் விருப்பமாக ஒரு பாட்டு கேட்டிருப்பார். அறிவிப்பாளர் சொல்லி முடித்ததும் இழை போல ஒரு பெண்குரல் வரும். அது சீனப் பாடகியும் நடிகையுமான ஜோ ஷுவானின் குரல். 1947-இல் வெளிவந்த ஒரு ஹாங்காங் படத்துக்காக அவர் பாடியது. வோங் கார்-வாய் தன் படத்தின் சீனப் பெயரையே அந்தப் பாட்டிலிருந்துதான் எடுத்தார்.

நான் பழகுவது அந்தப் பாட்டை அல்ல. அதற்குப் பத்து வருடம் முந்தையவை, 1937-இல் வந்த 'தெருத் தேவதை' படத்தின் இரண்டு பாட்டுகள்: 'நான்கு பருவங்கள்', 'உலகின் கோடியில் பாடும் பெண்'. வார்த்தை விடாமல், அவர் மூச்சு வாங்கும் இடத்திலேயே மூச்சு வாங்கிப் பாட வேண்டும் என்பது ஆசை.

ஏன் பாடியே பார்க்க வேண்டும்? அவரைப் பற்றி எதைப் படித்தாலும் சோகக்கதையாகவே இருக்கிறது. பிறந்த வருடத்தைக்கூடச் சிலர் 1918 என்கிறார்கள், சிலர் 1920 என்கிறார்கள். ஜியாங்சு மாகாணத்துச் சாங்ஜோவில் பிறந்தார், சின்ன வயதிலேயே பெற்றோரை விட்டுப் பிரிந்து வளர்ப்பு வீடுகளுக்குக் கைமாறினார், பெற்றவர்கள் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. திருமணம் முறிந்தது, மனநிலை குலைந்தது, 1957 செப்டம்பரில் ஷாங்காயில் மூளை அழற்சியால் இறந்தார். நாற்பது வயதைத் தொடவில்லை. எல்லாமே உண்மைதான். ஆனால் அதே ஆள் இருபது வருடத்துக்குள் 200-க்கும் மேல் பாட்டுகளைப் பதிவு செய்திருக்கிறார், 40 படங்கள் அளவுக்கு நடித்திருக்கிறார். அழுதுகொண்டே இருந்தவரால் இவ்வளவு வேலை நடக்குமா? அவர் தொழில் தெரிந்தவர். அந்தத் தொழில் என்ன என்பது வாழ்க்கைக் குறிப்பில் கிடைக்காது, தொண்டையில் வைத்துப் பார்த்தால்தான் கிடைக்கும் என்று தோன்றியது.

முதலில் படத்தைப் பார்த்தேன். யுவான் முஜி இயக்கியது. ஷாங்காயின் சந்து ஒன்றில் எதிரெதிர் மாடிகள். ஒரு பக்கம் பேண்டு வாத்தியக்காரன், அந்த வேடத்தில் நடிகர் ஜாவ் டான். மறுபக்கம் தேநீர்க்கடையில் பாடிப் பிழைக்கும் பெண் சியாவ் ஹோங், அது ஜோ ஷுவான். சியாவ் ஹோங் என்பது அவருடைய சொந்த இளமைப் பெயரும்கூட. படத்தில் 'நான்கு பருவங்கள்' பாட்டு வரும்போது திரையின் அடியில் வரிகள் ஓடுகின்றன, ஒரு சின்னப் பந்து எழுத்துக்கு எழுத்து துள்ளிப் போகிறது. அரங்கமே கூடப் பாடட்டும் என்று 1937-இல் செய்த ஏற்பாடு. சீன எழுத்து தெரியாத எனக்கும் எந்த அசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பந்து காட்டிக்கொடுத்தது. எழுத்துகளின் உச்சரிப்பைப் பின்யின் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) பார்த்துத் தமிழில் எழுதிக்கொண்டு, பந்தோடு சேர்ந்து வாயசைத்துப் பழகினேன்.

அடுத்தது மெட்டு. இரண்டுமே சூஜோ பக்கத்து நாட்டுப்பாடல் மெட்டுகள், இசையமைப்பாளர் ஹெ லுதிங் எடுத்துப் படத்துக்காகச் செப்பனிட்டவை. 'உலகின் கோடியில் பாடும் பெண்' என்கிற பாட்டைச் சுருதிப்பெட்டியோடு வைத்துப் பார்த்தால் ச ரி க ப த, நம் மோகன ராகத்தின் அதே ஐந்து சுரங்கள். இதனாலேயே சுரம் சீக்கிரம் பிடிபட்டது. நடைதான் வேறு. நம் பழக்கத்தில் காந்தாரத்தை அசைத்துத்தான் நிறுத்துவோம். அவர் அசைப்பதில்லை. நேராக வந்து நின்று, அடுத்த சுரத்துக்குப் போகும்போது மட்டும் மெல்லிய ஒரு சறுக்கல். கமகத்தை, அதாவது அந்த அசைவை, எடுத்துவிட்டுப் பாடுவதற்கென்றே தனியாகச் சாதகம் செய்தேன். ஒரே சுரத்தை நான்கு எண்ணிக்கை அசையாமல் பிடிப்பது, அப்புறம் சறுக்குவது. வேகத்தைக் குறைத்துக் கேட்டால் அந்தச் சறுக்கல் தெளிவாக விழுகிறது. பழைய பதிவுகளின் வேகத்தை நம்பிச் சுருதியை முடிவு செய்ய முடியாது, அதனால் என் குரலுக்கு வசதியான ஐந்து கட்டையிலேயே வைத்துக்கொண்டேன்.

உச்சரிப்பில் நான் பயந்தது சீனத்தின் நான்கு தொனிகளை. பாட்டில் அவை பெரும்பாலும் மெட்டுக்குள் கரைந்துவிடுகின்றன. உண்மையான சிக்கல் 'உலகின் கோடியில் பாடும் பெண்' பாட்டின் முதல் சொல்லிலேயே இருந்தது: 'தியான்யா'. அந்தத் 'தி'யில் ஒரு மூச்சுக்காற்று சேர்ந்து வர வேண்டும். தமிழில் அந்த வித்தியாசமே கிடையாது. காற்றைச் சேர்த்துச் சொன்னால் போன் மைக்கில் 'தப்' என்று அடிக்கிறது. அவர் பதிவிலோ அந்தக் காற்று இருக்கிறது, அடி இல்லை. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் தாடைப் பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்து, குரலையும் பாதியாகக் குறைத்த பிறகுதான் ஓரளவு நெருங்கியது.

இந்தப் பாட்டுகளின் மொழியான மாண்டரின் சீனம் ஜோ ஷுவானுக்கும் வீட்டுப் பேச்சு இல்லை. வளர்ந்தது ஷாங்காய் வட்டாரத்து வூ பேச்சில். 1930-களின் தொடக்கத்தில் லீ ஜின்ஹுய் நடத்திய 'ஒளிநிலா' ஆடல் பாடல் குழுவில் சிறுமியாகச் சேர்ந்தபோது, குழுவில் மூத்தவரான யான் ஹுவா அவருக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தார். பின்னால் 1938-இல் அவரையே மணந்தார், 1941-இல் பிரிந்தார்கள். ஜோ ஷுவான் ஒவ்வொரு அசையையும் இவ்வளவு சுத்தமாக வைப்பதற்குக் காரணம் இந்தப் பாடம்தான் என்று நினைக்கிறேன். கற்றுக்கொண்ட மொழியில் பாடுகிறவரின் கவனம் அது. 1934-இல் ஷாங்காய் வானொலிப் பாடகியர் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார். முதலிடம் அதே குழுவின் பாய் ஹோங்குக்கு. 'பொற்குரல்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது அதையொட்டித்தான்.

பொற்குரல் என்றதும் கணீரென்று முழங்கும் குரலை எதிர்பார்ப்போம். அப்படி எதுவுமே இல்லை. சீன நாடக மேடையில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்று தொண்டையை உயர்த்திப் பாடிய மரபுக்கு நடுவில், இவர் மைக் முன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற அளவுக்குப் பாடினார். ஷாங்காயின் ஷூஜியாஹுய் பகுதியில் பாதே இசைத்தட்டு நிறுவனம் இருந்த சிவப்புக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அங்கே பதிவான தட்டுகளில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். சத்தத்தைக் குறைத்தால் மூச்சு மிச்சமாகும் என்று நினைத்துப் பாடிப் பார்த்தேன். நேர் எதிர். குறைந்த குரலில் சுரம் தொங்காமல் நிற்க அடிவயிற்றில் இரண்டு மடங்கு பிடி வேண்டியிருக்கிறது. கேட்கச் சுலபமாக இருக்கிற பாட்டு, பாடுகிறவரை நன்றாகவே வேலை வாங்குகிறது.

'நான்கு பருவங்கள்' வரிகளுக்கு வருகிறேன். எழுதியவர் தியான் ஹான். 1935-இல் வந்த ஒரு படத்துக்காக அவர் எழுதிய பாட்டுதான் இன்று சீனாவின் தேசிய கீதம். இங்கே முதல் பருவத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் ஜோடி வாத்துகளைத் துணியில் தைக்கிறாள். இரக்கமில்லாத ஒரு அடி விழுந்து ஜோடி திசைக்கொன்றாகப் பிரிகிறது. கோடையில் அவள் யாங்சிக் கரைக்கு வந்து சேர்கிறாள், ஊரின் சோளக்காட்டை நினைக்கிறாள். 1931-இல் ஜப்பான் பிடித்த வடகிழக்கைத்தான் சொல்கிறது என்று அன்று கேட்டவர்களுக்குத் தெரியும், ஆனால் ஜப்பான் என்ற சொல்லே பாட்டில் கிடையாது. வெளிப்படையாகச் சொல்லத் தணிக்கை விடாது. குளிர்காலத்தில், சதையும் ரத்தமும் கொண்டு எழும்பும் பெருஞ்சுவர் வருகிறது. தேசிய கீதத்தில் இருக்கிற அதே படிமம். பெருஞ்சுவர் வேலைக்குப் போன கணவனுக்குக் குளிருடை கொண்டுபோய், அவன் இறந்ததறிந்து சுவர் இடியும்படி அழுத மெங் ஜியாங்கைப் போல் இருப்பேன் என்று முடிகிறது.

இவ்வளவு கனத்தையும் படத்தில் அவர் எப்படிப் பாடுகிறார்? பின்னலைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, வேலைக்காகப் பாடுகிற சலிப்போடு பாடுகிறார். போர்க் காட்சிகளைத் திரை தனியாகக் காட்டுகிறது. முகமும் குரலும் எதையும் அழுத்துவதில்லை. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நான்காம் பருவத்தில் குரலை உயர்த்தாமல் பாடிப் பாருங்கள், எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று புரியும். படம் 1937 ஜூலையில் வெளிவந்தது, அந்த மாதமே முழுப்போர் மூண்டது.

மற்றப் பாட்டு, 'பாடும் பெண்', படத்தில் இரண்டு முறை வருகிறது. முதலில் சந்தின் மேல் ஜன்னலிலிருந்து, எதிர் ஜன்னலில் அவன் வாசிக்க இவள் கொஞ்சலாகப் பாடுவது. இரண்டாவது தேநீர்க்கடையில். அவன் சந்தேகத்தில் குடித்துவிட்டு வந்து, காசை வைத்து, பாடு என்கிறான். அதே மெட்டு, அதே வரி. முதல் வடிவம் இப்போது எனக்கு வந்துவிட்டது. 'ஐயா ஐயா' என்று இடையில் வரும் அசைகள் தெம்மாங்கில் 'ஏலேலோ' விழுவது போல நடையைத் தூக்கிக் கொடுக்கின்றன, அவற்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வருகிறது. இரண்டாவதில் அந்த அசைகள்தான் உடைகின்றன. காலம் தளர்கிறது, சொல் பிந்தி விழுகிறது, சுரம் மட்டும் நகரவில்லை. அழுகிற மாதிரிப் பாடினால் சுரம் போய்விடுகிறது, சுரத்தைக் காத்தால் அழுகை பொய்யாகிவிடுகிறது. இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் இரண்டையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறார். தாளம் போடாமல், பேசுகிற வேகத்திலேயே வரிகளைச் சொல்லிப் பார்த்து, பிறகு சுரத்தில் ஏற்றுகிறேன். முதல் இரண்டு வரி நிற்கிறது.

இது நின்றதும் 1947-இன் 'இரவு ஷாங்காய்'. மெட்டு சென் கெசின். ட்ரம்பெட்டோடு வரும் நடனக்கூடப் பாட்டு, ஷாங்காயைப் பற்றிய பாட்டானாலும் படம் எடுத்தது ஹாங்காங்கில். அவர் அப்போது அங்கேதான் நடித்துக்கொண்டிருந்தார், 'சிங் அரண்மனை' படத்தில் சக்கரவர்த்தியின் துணைவி ஜென் ஆக நடித்ததும் அதற்கு அடுத்த வருடம். 1950-இல் ஷாங்காய் திரும்பினார். அந்த வகைப் பாட்டுகளையே ஆபாச இசை என்று ஒதுக்கிய காலம் தொடங்கியிருந்தது. கீபோர்டு வாசிக்கிற நண்பர் ஒருவர் 'இரவு ஷாங்காய்'க்குப் பின்னணி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து கட்டை அதற்குச் சரிப்படாது, அரைக் கட்டையாவது இறக்க வேண்டியிருக்கும்.