2012 மேக்புக் ப்ரோவில் சோனோமா: எங்கே மாட்டிக்கொள்கிறது, ஏன்

2012 நடுவில் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவுக்கு ஆப்பிள் கொடுத்த கடைசி மேக்ஓஎஸ் கேட்டலினாதான். கேட்டலினாவில் குரோம் 128-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஆனால் ராம், டிஸ்க் இரண்டையும் வீட்டிலேயே மாற்றக்கூடிய மெஷின் என்பதால் யாருக்கும் தூக்கிப்போட மனம் வருவதில்லை. ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற இலவச மென்பொருளை வைத்து இதில் மேக்ஓஎஸ்ஸின் பிந்தைய பதிப்பான சோனோமாவை ஏற்றலாம். கோலாலம்பூரில் நண்பர்கள், உறவினர்கள் கொண்டுவந்த மெஷின்களில் ஏற்றிப் பார்த்ததில் ஒன்று தெளிவு: "பேட்சர் வேலை செய்யலை" என்று வருபவற்றில் பெரும்பாலானவை பேட்சரின் கோளாறே இல்லை. பழைய வன்பொருளும், வேலையை வரிசை மாற்றிச் செய்வதும்தான் காரணம்.

முதலில் டைம் மெஷினில் முழு பேக்கப். ராம் 8 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் தொடங்காதீர்கள். 1600 மெகாஹெர்ட்ஸ் டிடிஆர்3 லேப்டாப் ராம், இரண்டு ஸ்லாட், 16 ஜிபி வரை எடுக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றவே வேண்டாம். ஏறும், ஆனால் ஏறியபின் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும்.

அந்த எஸ்எஸ்டியை மாட்டும்போது கவனிக்க வேண்டியது டிஸ்கையும் மதர்போர்டையும் இணைக்கும் மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள். இந்த மாடலின் தீராத நோய் அது. அலுமினிய உடம்பில் ஒட்டிக்கொண்டு மடிந்து போகிறது. வருடக்கணக்கில் உரசி உள்ளே அறுந்துவிடும். அறிகுறிகள் ஆளை ஏமாற்றும்: நிறுவல் பாதியில் உறையும், டிஸ்க் யுட்டிலிட்டி அழிக்க முடியவில்லை என்று சொல்லும், ஒரு நாள் பூட் ஆகும், மறுநாள் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் காட்டும். புது எஸ்எஸ்டி பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு. சோதிப்பது சுலபம். அதே எஸ்எஸ்டியை யுஎஸ்பி உறையில் போட்டு வெளியிலிருந்து பூட் செய்யுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் குற்றவாளி கேபிள்தான். டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தகவலில் 199-ஆம் எண், அதாவது கேபிள் வழியே டேட்டா போகும்போது வரும் சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனாலும் அதே தீர்ப்பு. மாற்றும்போது 821-2049-ஏ என்ற திருத்திய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், பழையது 821-1480-ஏ. புதியதைக் கூர்மையாக மடிக்காமல், அலுமினியத்தில் படும் இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு மாட்டினால் நீண்ட நாள் உழைக்கும். அடிமூடியில் 10 திருகு, அதில் 3 நீளமானவை. எது எங்கிருந்து வந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்திருக்கும்போதே பேட்டரியையும் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் உப்பிப்போய், டிராக்பேட் கிளிக் ஆகாமல் வரும் மெஷின்கள் நிறைய. அப்படி இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டலாமே என்று தோன்றும்; அப்படி ஓட்டினால் மெஷினே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நிறுவல் இழுத்துக்கொண்டே கிடக்கும். மாலையில் இடி இறங்கும் ஊரில் நல்ல பேட்டரி இருப்பது எப்படியும் நல்லது.

இனி பென் டிரைவ். சோனோமா நிறுவி மட்டும் ஏறக்குறைய 13 ஜிபி, ஆகவே 32 ஜிபி டிரைவ் எடுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சில டிரைவ்கள் கொள்ளளவில் பொய் சொல்லும். எழுதும்போது ஒன்றும் தெரியாது, நிறுவும்போதுதான் "கோப்பு சேதமடைந்துள்ளது" என்று வரும். கோலாலம்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் கையில் பார்த்து வாங்குவது மேல். பேட்சரில் முதலில் நிறுவியை உருவாக்கி, அதன்பின் அதே டிரைவில் ஓப்பன்கோரை, அதாவது மேக்ஓஎஸ்ஸுக்கு முன்பே ஓடி பழைய மெஷினை அதற்குத் தயார்செய்யும் பூட் நிரலை, ஏற்ற வேண்டும். இரண்டும் தனித்தனி வேலை. முதலாவதோடு நிறுத்திவிடுபவர்கள் பலர்.

இன்னொரு பெரிய பொறி: டிரைவை வேறு மேக்கில் தயாரிப்பது. பேட்சர், தான் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்குத்தான் ஓப்பன்கோரைக் கட்டும். செட்டிங்ஸில் இலக்கு மாடலை மேக்புக் ப்ரோ 9,2 (இந்த மெஷினின் மாடல் எண்) என்று மாற்றாமல் கட்டினால், 2012 மெஷினில் அது கிளம்பவே கிளம்பாது.

பூட் செய்யும்போது ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் இரண்டு ஐகான்கள் தெரியும். சோனோமா நிறுவியின் படம் கையை இழுக்கும். அதைத் தொட்டால் குறுக்குக்கோடு போட்ட வட்டம் வந்து நிற்கும், ஏனென்றால் அது ஓப்பன்கோரைத் தாண்டிப் போகும் வழி. இஎஃப்ஐ பூட் என்பதைத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது கண்ட்ரோல் விசையையும் பிடித்துக்கொண்டால் அதுவே இயல்பாகிவிடும். அதன்பின் வரும் ஓப்பன்கோர் பட்டியலில் நிறுவியைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் யுட்டிலிட்டியில் எல்லா சாதனங்களையும் காட்டச் சொல்லி, மேலே இருக்கும் முழு டிஸ்கையும், ஃபார்மேட் ஏபிஎஃப்எஸ், பகுப்பு முறை ஜியுஐடி என்று தேர்ந்து அழியுங்கள். நிறுவல் இடையில் பல முறை மறுதொடக்கம் ஆகும். பென் டிரைவைப் பிடுங்காதீர்கள். "ஒரு நிமிடத்துக்கும் குறைவு" என்று காட்டிக்கொண்டு வெகுநேரம் நிற்பது வழக்கம்தான்.

நிறுவி சேதமடைந்தது, சரிபார்க்க முடியவில்லை என்று சொன்னால் மறுபடி இறக்குவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி முழுதும் தீர்ந்து கிடந்த மெஷினில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும், சான்றிதழ் செல்லாது. டெர்மினலில் டேட் கட்டளைக்குப் பின் மாதம், தேதி, மணி, நிமிடம், ஆண்டு என்று ஒட்டி அடியுங்கள்: 2025 ஆகஸ்ட் 15, பிற்பகல் 2.30 என்றால் 0815143025. 13 ஜிபியை வீணாக மறுபடி இறக்கும் வேலை மிச்சம்.

டெஸ்க்டாப் வந்ததும் ஏமாற்றமாக இருக்கும். ஜன்னல்கள் இழுத்தால் தள்ளாடும், டாக் ஒளி ஊடுருவாது, வைஃபையும் இருக்காது. பயப்பட வேண்டாம். இந்த மெஷினின் எச்டி 4000 கிராஃபிக்ஸ் டிரைவரை ஆப்பிள் முந்தைய மான்ட்ரே பதிப்பிலேயே எடுத்துவிட்டது, பழைய வைஃபை சிப்புகளை சோனோமாவில் கழற்றிவிட்டது. பேட்சரில் ரூட் பேட்ச், அதாவது எடுத்துவிட்ட டிரைவர்களை சிஸ்டம் பகுதியில் திரும்பச் சேர்க்கும் வேலை, போட்டால்தான் இரண்டும் திரும்பும். பேட்சர் கூடுதல் கோப்புகளை இறக்க வேண்டியிருக்கும், வைஃபை இல்லாதபோது எதில் இறக்குவது? இந்த மாடலில் லேன் துளை இருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது: ரவுட்டரிலிருந்து கேபிளை இழுத்துச் செருகிவிடுங்கள். மறுதொடக்கம் செய்தபின், ஓப்பன்கோரை உள் டிஸ்கிலும் ஏற்றிவிட்டு பென் டிரைவைக் கழற்றலாம்.

ரூட் பேட்ச் போட விடாமல் எஸ்ஐபி (சிஸ்டம் கோப்புகளை மாற்ற விடாத பாதுகாப்பு) இயங்குகிறது என்று வந்தால், ஒன்று ஓப்பன்கோர் வழியாக பூட் ஆகவில்லை, அல்லது மெஷின் தன் பூட் அமைப்புகளை வைத்திருக்கும் என்விராம் நினைவகத்தில் பழைய மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓப்பன்கோர் பட்டியலில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் என்விராமை மீட்டமைக்கும் வழி தெரியும். அதற்குப்பின் இஎஃப்ஐ பூட்டை மறுபடி தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். பேட்ச் போட்டபின் திரை கறுத்தால், பட்டியலில் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டி சேஃப் மோடில் நுழைந்து, பேட்சை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.

தமிழில் தட்டுபவர்களுக்குத் தனியாக எதுவும் நிறுவத் தேவையில்லை. அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் இரண்டும் மேக்ஓஎஸ்ஸுக்குள்ளேயே உள்ளன. இணைமதி எழுத்துருவும்தான், அது மலேசியரான முத்து நெடுமாறனின் கைவண்ணம்.

கடைசியாக அப்டேட். தானியங்கி அப்டேட்டை உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு அப்டேட்டும் சிஸ்டம் பகுதியை மாற்றி எழுதுவதால் ரூட் பேட்ச் போய்விடும். சின்ன அப்டேட்டும் முழு அளவில்தான் இறங்கும், காரணம் இந்தப் பழைய ஐவி பிரிட்ஜ் சிப்பில், புதிய மேக்ஓஎஸ் எதிர்பார்க்கும் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை. அதைச் சமாளிக்க பேட்சர் வேறு கோப்புத் தொகுப்பை மாட்டுகிறது. வரிசை இதுதான்: முதலில் பேட்சரைப் புதுப்பித்து ஓப்பன்கோரை மறுபடி டிஸ்கில் எழுதுங்கள், பிறகு மேக்ஓஎஸ், பிறகு லேன் கேபிளோடு ரூட் பேட்ச். மெஷினை அப்பா அம்மாவுக்குக் கொடுப்பதாக இருந்தால், சிவப்பு எண் எட்டிப் பார்த்தாலும் அப்டேட் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். பென் டிரைவையும் பையிலேயே போட்டுக் கொடுங்கள். உள் டிஸ்கின் ஓப்பன்கோர் கெட்டுப்போனால் அதிலிருந்து பூட் செய்து சரிசெய்யலாம்.