பிறந்தது லேகோஸ், ஊர் வேறு

நைஜீரியாவின் லேகோஸில் இறங்கிய மூன்றாம் நாள் பெட்ரோல் பங்க் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். 2024 அக்டோபர் அது. லிட்டர் ஏறத்தாழ 1,000 நைரா. ஒன்றரை வருடம் முன்பு 200 நைராவுக்கும் கீழே இருந்தது. காரின் டேங்க் 50 லிட்டர் பிடிக்கும். அப்போது நாட்டில் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 70,000 நைரா. நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: "ஒரு மாசச் சம்பளத்துல ஒரு தடவை டேங்கை ரொப்பலாம் ஓகா. மிச்சத்துல கொஞ்ச நாள் கஞ்சி குடிக்கலாம்."

ஓகா என்றால் முதலாளி, ஐயா, அண்ணாச்சி எல்லாம் சேர்ந்தது. நான் முதலாளி இல்லை, இலுபேஜு பகுதியில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் வீட்டுக்கு மூன்று வாரம் வந்த விருந்தாளி என்று எவ்வளவோ சொன்னேன். அவர் விடவில்லை. கடைசி நாள் வரைக்கும் ஓகாதான்.

2023 மே 29 அன்று போலா டினுபு ஜனாதிபதியாகப் பதவியேற்ற மேடையிலேயே பெட்ரோல் மானியம் போய்விட்டது என்று அறிவித்தார். விலை ஏறியது. அடுத்த மாதம் நைராவின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள், அதுவும் சரிந்தது. எண்ணெய் விற்கும் நாடு பெட்ரோலை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. அரசின் சுத்திகரிப்பு ஆலைகள் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்ததுதான் காரணம். டாங்கோட்டே என்ற தொழிலதிபரின் பிரம்மாண்டமான தனியார் ஆலை நான் போவதற்கு முந்தின மாதம்தான் பெட்ரோல் விற்கத் தொடங்கியிருந்தது. விலை இறங்குமா என்று கேட்டதற்கு ஓட்டுநர் சிரித்தார். "நைஜீரியாவுல மேல போனது எதையாவது கீழ வந்து பார்த்திருக்கீங்களா? கரண்ட் மட்டும்தான் கீழ வரும்."

அது உண்மைதான். அந்த அக்டோபரில் ஒரே வாரத்தில் மூன்று முறை நாட்டின் மின்கட்டமைப்பு மொத்தமாக விழுந்தது. தெரு முழுக்க ஜெனரேட்டர் உறுமல். நேப்பா என்ற பழைய மின்வாரியத்தின் பெயர் 2005-லேயே மாறிவிட்டது. இருந்தாலும் விளக்கு எரிந்ததும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் "அப் நேப்பா!" என்றுதான் கத்துகிறார்கள். பெயர் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகள்கூட.

தெருமுனையில் இரவானால் ஒருவர் சுயா சுடுவார். மெல்லிசாக வெட்டிய மாட்டிறைச்சியைக் குச்சியில் கோத்து, வேர்க்கடலையும் மிளகாயும் சேர்த்து இடித்த பொடியைத் தடவி, கரி நெருப்பில் வாட்டி, பச்சை வெங்காயத்தோடு பழைய செய்தித்தாளில் மடித்துத் தருவார். வடக்கே கட்சினா மாநிலத்து ஹவுசாக்காரர், அந்தப் பக்கத்துப் பெரிய இனம். முகமது புஹாரியும் அந்த மாநிலத்துக்காரர்தான், 2015 முதல் 2023 வரை ஜனாதிபதியாக இருந்தவர். லேகோஸில் யாரிடம் பேசினாலும், அந்த எட்டு வருடம் வடக்கத்திக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள் என்பார்கள். இதை அந்த சுயாக்காரரிடம் அந்த ஊர்க் கலப்பு ஆங்கிலமான பிட்ஜினில் நான் அரைகுறையாகப் போட்டுப் பார்த்தேன்.

அவர் கோபப்படவில்லை. விசிறியை வைத்துவிட்டு, தன் கிராமத்தில் யாரும் வயலுக்குப் போக முடிவதில்லை என்றார். மோட்டார் சைக்கிளில் துப்பாக்கியோடு வருகிறவர்களுக்குப் பணம் கட்டினால்தான் அறுவடை. 2020 டிசம்பரில் அதே கட்சினாவின் கன்காராவில் பள்ளி விடுதியிலிருந்து 300-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கடத்திப் போனார்கள். புஹாரி அப்போது அதே மாநிலத்தில் சொந்த ஊரான தௌராவுக்கு வந்திருந்தார். பிள்ளைகள் சில நாளில் திரும்பிவிட்டார்கள். ஆனால் சுயாக்காரர் அதை மறக்கவில்லை. "எங்க ஆளு ஊருக்குள்ள இருக்கும்போதே எங்க பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போனாங்க. சாப்பிட்டோம்னு சொல்றாங்களே, எதைச் சாப்பிட்டோம்?"

நண்பனுக்கு வீடு வாடகைக்கு விட்ட அம்மா யொரூபாக்காரர், லேகோஸ் இருக்கும் தென்மேற்கின் பெரிய இனம். டினுபுவும் யொரூபா. 2022-ல் கட்சிக்குள் வேட்பாளர் தேர்வு நடக்கும் முன் டினுபு யொரூபாவில் "எமி லோ கான்" என்றார், இது என் முறை என்று பொருள். நாடு முழுக்கப் பரவிய வாசகம். அதைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா கையைத் தட்டினார். "அவர் முறை வந்துடுச்சு. டீசல் வாங்க என் முறை எப்ப வரும்?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் அந்த இக்போக்காரங்க கையில லேகோஸைக் கொடுக்க முடியுமா?" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் கட்டுரை அழகாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும்.

எங்கள் ஓட்டுநர் இக்போ, கிழக்குப் பக்கத்து இனம். ஆனால் 1972-ல் லேகோஸில் பிறந்தவர். இக்போவைவிட யொரூபா சரளமாக வரும். அவருடைய அப்பா சுதந்திர காலத்திலேயே லேகோஸில் தையல் கடை வைத்திருந்தார். 1966-ல் இரண்டு ராணுவப் புரட்சிகள், வடக்கே இக்போ மக்கள் மீது படுகொலைகள். அடுத்த ஆண்டு கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்று தனிநாடு அறிவித்தது, போர் மூண்டது. அப்பா எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிழக்கே ஓடினார். 1970 ஜனவரியில் போர் முடிந்தபோது, வென்றவரும் இல்லை தோற்றவரும் இல்லை என்றார் ராணுவத் தலைவர் கோவோன். ஆனால் பயாஃப்ரா பணம் வைத்திருந்தவர்களுக்கு, வங்கியில் எவ்வளவு இருந்திருந்தாலும் சரி, ஆளுக்கு 20 பவுண்டுதான் கொடுத்தார்கள். அந்த 20 பவுண்டோடு அப்பா லேகோஸ் திரும்பினார். பழைய வீட்டு உரிமையாளர், ஒரு யொரூபா முதியவர், தையல் மெஷினைத் துணி போட்டு மூடி அப்படியே வைத்திருந்தாராம். "நான் யொரூபாக்காரங்களைத் திட்ட ஆரம்பிச்சா அப்பா அந்த மெஷினைக் காட்டுவார்" என்றார் ஓட்டுநர்.

அந்த மெஷினுக்கு 2023 மார்ச் மாதத்தில் சோதனை வந்தது. பிப்ரவரியில் நடந்த ஜனாதிபதி தேர்தலில், பதிவு செய்த 9 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களில் 30 சதவீதம்கூட ஓட்டுப் போடவில்லை. சுமார் 88 லட்சம் ஓட்டு வாங்கி டினுபு ஜெயித்தார். ஆனால் அவருடைய கோட்டையான லேகோஸில் இக்போக்காரரான பீட்டர் ஓபி முந்திவிட்டார். மூன்று வாரம் கழித்து லேகோஸ் கவர்னர் தேர்தல். ஓபி கட்சியின் வேட்பாளர் யொரூபாதான், ஆனால் அவருடைய அம்மா இக்போ என்பதே பெரிய பேச்சானது. பல வாக்குச்சாவடிகளில் இக்போ ஜாடை என்று பட்டவர்களை எல்லாம் விரட்டினார்கள். நம் ஓட்டுநர் போன இடத்தில் இளைஞர்கள் மறித்து, உன் ஊருக்குப் போய் ஓட்டுப் போடு என்றார்கள். அவர் சுத்தமான லேகோஸ் யொரூபாவில் திட்டினார். ஒரு நிமிடம் குழம்பிப் போனார்களாம். பிறகு ஒருவன் பெயரைக் கேட்டான். அதோடு சரி. பக்கத்து வீட்டு யொரூபா அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் விட்டார். "அந்தம்மா யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு நான் கேட்கல. கேட்டிருந்தா இன்னிக்குப் பேச முடியாது."

அவரோடு கிழக்கே போகும் வாய்ப்பு ஒரு காகிதத்தால் வந்தது. அவருடைய மகள் பட்டதாரி. பட்டப்படிப்பு முடித்தவர்கள் ஒரு வருடம் வேறு மாநிலத்தில் தேசிய சேவை செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு போர் முடிந்த மூன்றாம் வருடம், 1973-ல் வந்தது. மகளைக் கானோவுக்கு அனுப்பினார்கள். அம்மா அழுதார், பெண் ஹவுசா கற்றுக்கொண்டு திரும்பினாள். சரி, நாடு ஒன்றாகிறது என்று நினைத்தால், மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பூர்விக மாநிலம் எது என்று படிவம் கேட்கிறது. லேகோஸ் என்று எழுத முடியாது. அப்பா பிறந்தது, இவள் பிறந்தது, வரி கட்டுவது எல்லாம் லேகோஸ், ஆனால் பூர்விகம் தாத்தாவின் அனாம்ப்ரா. அங்கே உள்ளாட்சி அலுவலகத்தில், இவள் எங்கள் ஊர்க்காரிதான் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

இந்தப் பூர்விக மாநில ஏற்பாட்டை முட்டாள்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். ஓர் இனம் மட்டும் அரசை அள்ளிக்கொள்ளக் கூடாது என்பதற்காக 1979 அரசியல் சட்டத்தில் கொண்டுவந்தது. இப்போதும் 36 மாநிலங்களுக்கும் குறைந்தது ஒரு மத்திய அமைச்சர் உண்டு. நோக்கம் நியாயமானதுதான். ஆனால் ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைத்தவனின் பேரப்பிள்ளைகள் பிழைத்த ஊரில் என்றைக்கும் விருந்தாளிதான். 36 பேர் அமைச்சரானதில் அந்தந்த ஊர்ச் சாலை என்ன ஆனது என்பதை ஷகாமு, ஓரே, பெனின் சிட்டி வழியாகப் போன அந்த நீண்ட பகலில் என் முதுகு நன்றாகத் தெரிந்துகொண்டது.

வழியெல்லாம் மஞ்சள் நிறக் கேக்கேக்கள், அதாவது நம் ஆட்டோ. சிலவற்றில் டிவிஎஸ் என்று பார்த்ததும், இது எங்கள் ஊர் ஓசூர் கம்பெனி என்று பெருமை அடித்துக்கொண்டேன். உடனே ஓட்டுநர் கேட்டார்: "இந்தியாவுல நீங்க எந்த ட்ரைப்?"

தமிழ் என்றேன்.

"உங்க ஆளு ஜனாதிபதி ஆயிருக்காரா?"

ஆகியிருக்கிறார், அப்துல் கலாமைக்கூடக் கேள்விப்பட்டிருப்பீர்களே, ஆனால் எங்கள் நாட்டில் அதிகாரம் பிரதமரிடம் என்று விளக்கினேன்.

"அப்போ பிரதமர்?"

இல்லை என்றேன். அவர் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். "உங்க முறை இன்னும் வரல! எங்களுக்கும் அதே வஹாலாதான்." வஹாலா என்றால் தொல்லை. நான் பதில் யோசித்துக்கொண்டே அரை மணி நேரம் வெளியே பார்த்தேன்.

ஞாயிறு மாலை அசாபா. நைஜர் நதியின் இந்தக் கரை. இங்கேயும் இக்போ மொழி வகைதான், ஆனால் மாநிலம் டெல்டா. பயாஃப்ராவில் சேராத கரை. 1967 அக்டோபர் 7 அன்று ஊர்க்காரர்கள் வெள்ளை உடுத்தி, ஒரே நைஜீரியா என்று பாடி ஆடிக்கொண்டு மத்திய ராணுவத்தை வரவேற்கப் போனார்கள். ராணுவத்தினர் ஆண்களையும் பையன்களையும் தனியே பிரித்துச் சுட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதே அக்டோபர் மாதத்தில் அந்த ஊரில் மீன் மிளகு சூப் குடித்துக்கொண்டு, புதிய தேசிய கீதத்தைப் பற்றி விடுதிக்காரர் கிண்டலடிப்பதைக் கேட்டேன். புதியது என்று சொல்லக் கூடாது. 1960-ல் இருந்த பழைய கீதத்தை 2024 மே மாதம் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். குலமும் மொழியும் வேறானாலும் சகோதரர்களாக நிற்கிறோம் என்று அதில் ஒரு வரி வரும். "அரிசி விலையை மாத்த முடியல, பாட்டை மாத்திட்டாங்க" என்றார் விடுதிக்காரர்.

மறுநாள் காலையில்தான் ஓட்டுநருக்கு உறைத்தது, அன்று திங்கள்கிழமை. பயாஃப்ரா இயக்கத் தலைவர் நம்டி கானுவை விடுவிக்கக் கோரி கிழக்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய திங்கள் கடையடைப்பு அப்போதும் ஓயவில்லை. இயக்கமே கைவிடுகிறோம் என்று சொன்ன பிறகும், திறந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் மூடியே வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் வேலை செய்யும் உறவினருக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஒரே சிரிப்பு. "லேகோஸ்காரன் திங்கட்கிழமை வந்திருக்கான்!"

சும்மா இருக்கப் பிடிக்காமல் பாலம் தாண்டிப் பார்த்தோம். அசாபாவில் கடைகள் திறந்திருந்தன, நதிக்கு அந்தப் பக்கம் ஒனிட்சாவில் ஈ காக்கை இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் பெரிய சந்தைகளில் ஒன்று இருக்கும் ஊர். அப்பர் இவேகா சந்திப்பில் மற்ற நாளில் பஸ் நகராது என்கிறார்கள். அன்று ஒரு நாய் நடுச்சாலையில் படுத்திருந்தது. உங்களைப் புறக்கணிக்கும் அரசுக்கு எதிராக உங்கள் கடையையே நீங்கள் மூடுவது என்ன கணக்கு என்று கேட்டேன். ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார். "அரசாங்கம் வாரம் ஏழு நாளும் தராது. இவங்க ஒரு நாளைப் பிடுங்கறாங்க. நடுவுல இருக்கறவன்தான் சாகறான்."

திரும்பும்போது புதிய பாலம் வழியாக வந்தோம். இந்த இரண்டாவது நைஜர் பாலம் 40 ஆண்டுகளுக்கு மேல் தேர்தல் வாக்குறுதியாகவே கிடந்தது. இக்போ மக்கள் அள்ளி அள்ளி ஓட்டுப் போட்ட குட்லக் ஜோனதன் 2014-ல் கல் நாட்டினார், பாலம் எழவில்லை. தனக்கு 97 சதவீதம் ஓட்டுப் போட்டவர்களையும் 5 சதவீதம் போட்டவர்களையும் ஒரே மாதிரி நடத்த முடியாது என்ற பொருளில் 2015-ல் பேசி, இந்தப் பக்கத்து மக்களின் வெறுப்பைச் சம்பாதித்தவர் புஹாரி. கட்டி முடித்து 2023 மே மாதம் திறந்துவைத்தது அவர்தான். "நாங்க அந்த 5 சதவீதம்" என்றார் ஓட்டுநர். கொஞ்ச தூரம் போனதும், "பாலம் நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரோ வற்புறுத்திச் சொல்ல வைத்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை காகிதம் கிடைத்தது. குமாஸ்தா இக்போவில் ஏதோ கேட்டார், இவர் பதில் சொன்னார், அறையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். வெளியே வந்ததும் என்ன என்று கேட்டேன். "யொரூபாக்காரன் இக்போ பேசற மாதிரி இருக்காம்." சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தார்.

பெனின் தாண்டி ஒரு தடுப்பு. அந்த வழியில் எத்தனையாவது என்று எண்ணுவதை நான் அதற்குள் விட்டிருந்தேன். துப்பாக்கிக்காரர் குனிந்து பார்த்தார்.

"எந்த ஊரு?"

"லேகோஸ்."

"அது தெரியுது. உன் ஊரைக் கேட்டேன்."

ஓட்டுநர் டாஷ்போர்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். பெட்டியைத் திறக்கவில்லை. அதற்கு மேலே மடித்து வைத்திருந்த 500 நைரா நோட்டை எடுத்து நீட்டினார்.